கிழிந்த கொடியை எரிக்கத்தான் வேண்டுமா?

(சுதந்திர தினத்தை ஒட்டி ஆரணியில் பேசியதன் எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் நீக்கப்பட்டுள்ளன. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கொடியைப் பத்திப் பேசணும்னு கேட்டாங்க. வழக்கமா அந்தப் பேச்சு எப்படிப் போகும்னு இங்க இருக்கிற சின்னப் பிள்ளைங்களுக்கே தெரியும். காவின்னா தியாகம், வெள்ளைன்னா அமைதி, பச்சைன்னா வளமை. அதை நான் இன்னைக்குத் தொடப் போறதில்லை. இது துணி ஊரு. நம்ம ஆளுங்க கையில ஒரு கொடியைக் கொடுத்துப் பாருங்க. சல்யூட் அடிக்கிறதுக்கு முன்னாடி பின்பக்கம் திருப்பிப் பார்ப்பாங்க. என்ன நூலு, எத்தனை முறுக்கு, ஓரம் எப்படி மடிச்சுத் தைச்சிருக்கு, சாயம் நிக்குமா. நானும் தறி வீட்டுல வளர்ந்தவன். அதனால கொடியைத் துணியா வெச்சுத்தான் பேசப் போறேன். இந்த நாட்டோட கதை அந்தத் துணியிலயும் எழுதியிருக்கு.

முதல்ல ஒரு பழைய விஷயம். நம்ம ஊர்க் கோட்டைப் பக்கம் 1751 டிசம்பர்ல ஒரு சண்டை நடந்தது. ஒரு பக்கம் கிளைவும் அவருக்குத் துணையா வந்த மராட்டியக் குதிரைப்படையும். இன்னொரு பக்கம் சந்தா சாகிபோட மகன் ராஜா சாகிபும் பிரெஞ்சுக்காரங்களும். நவாப் பக்கம், கம்பெனி பக்கம், பிரெஞ்சுப் பக்கம்னு ஆளாளுக்கு ஒரு கொடி. இந்த ஊர்ல அன்னைக்குத் தறி ஓட்டினவருக்கோ ஏர் ஓட்டினவருக்கோ இதுல எதுவும் சொந்தம் கிடையாது. எந்தக் கொடி ஜெயிச்சாலும் வரி கட்ட வேண்டியவர் அவர். கொடின்னா ஆள்றவன் வெச்சிருக்கிற பொருள். அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட கொடிக்கு உச்சம்னு பார்த்தா, 1877 டெல்லி தர்பார். விக்டோரியா ராணியை இந்தியாவோட பேரரசியா அறிவிச்சாங்க இல்லையா, அப்போ வைஸ்ராய் லிட்டன் ஒவ்வொரு சமஸ்தான ராஜாவுக்கும் ஒரு பட்டுக் கொடி பரிசாக் கொடுத்தார். அஞ்சடிக்கு அஞ்சடி. ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் புதுசா ஒரு சின்னம், அதையும் ஒரு வெள்ளைக்கார அதிகாரிதான் வரைஞ்சார். கம்பும் மத்த பித்தளை வேலைப்பாடும் எவ்வளவு கனம்னா, ஒரு கொடியைத் தூக்கிக்கிட்டுப் போக வாட்டசாட்டமான ரெண்டு சிப்பாய் வேணும்னு பக்கத்துல நின்னு பார்த்த ராபர்ட்ஸ் தன் நினைவுக் குறிப்புல எழுதி வெச்சிருக்கார். ராஜாக்களுக்கு அவங்க சொந்தக் கொடியையே வெள்ளைக்காரன் வரைஞ்சு கொடுக்கிறான். தூக்கினாலே முதுகு வளையும். காலனி ஆட்சின்னா என்னன்னு இதைவிடச் சுருக்கமாச் சொல்ல முடியுமான்னு தெரியலை.

அதுக்கப்புறம் முப்பது வருஷத்துல நிலைமை மாறுது. 1906 ஆகஸ்ட் 7, கல்கத்தாவுல பார்சி பகான் சதுக்கத்துல பச்சை, மஞ்சள், சிவப்புன்னு ஒரு மூணு பட்டைக் கொடி ஏறுது. அடுத்த வருஷம் ஆகஸ்ட் 22-ஆம் தேதி ஜெர்மனியில ஷ்டுட்கார்ட் நகரத்துல சோஷலிஸ்டுகளோட சர்வதேச மாநாடு. அங்க மேடம் பிகாஜி காமா மேடையேறிப் பேசி ஒரு கொடியை விரிச்சுக் காட்டறாங்க. நடுவுல வந்தே மாதரம். அந்தக் காலத்துக் கொடி ஒண்ணைப் பின்னால இந்துலால் யாக்னிக் ரகசியமா இந்தியாவுக்குக் கொண்டு வந்தார். இன்னைக்கும் அது புனேயில கேசரி மராட்டா நூலகத்துல இருக்கு. இந்த 'ரகசியமா'ங்கிற வார்த்தையைக் கொஞ்சம் பிடிச்சு வெச்சுக்குங்க. ஒரு துணியை ஊருக்குள்ள கொண்டு வர ஒளிச்சுக் கொண்டு வர வேண்டியிருந்தது.

நம்ம பக்கத்துக்கு வருவோம். அடையாறுல இருந்து அன்னி பெசன்ட் அம்மா நடத்தின ஹோம் ரூல் இயக்கத்துக்கு ஒரு கொடி இருந்தது. அஞ்சு சிவப்புப் பட்டை, நாலு பச்சைப் பட்டை, ஏழு நட்சத்திரம், ஒரு பிறை. மூலையில பிரிட்டிஷ் கொடியும் உண்டு. அதாவது 'எங்களுக்குச் சுயாட்சி கொடு, உன் கொடி ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்'னு ரொம்ப மரியாதையாக் கேட்ட கொடி. அதைக்கூடப் பறக்க விடக்கூடாதுன்னு கோயம்புத்தூர்ல ஒரு மாஜிஸ்ட்ரேட் தடை போட்டார். 1917-ல அந்தம்மாவை ஊட்டியில காவல்ல வெச்சாங்க. அங்க தோட்டத்துலயே சிவப்பு பச்சைக் கொடியை ஏத்தி வெச்சுக்கிட்டாங்க.

அப்புறம் காந்தி வர்றார். பிங்கலி வெங்கையா, 1921 பெஜவாடா மாநாடு, நடுவுல ராட்டை, எல்லாம் பாடப் புத்தகத்துல இருக்கு. நான் சேர்த்துச் சொல்ல விரும்பறது ஒண்ணுதான். காந்தி கொடியோட நிறத்தை மட்டும் பேசலை, நூலைப் பேசினார். கொடி கதர்ல இருக்கணும். கையால நூத்து, கையால நெஞ்சதா இருக்கணும். 1877 கொடியைத் தூக்கவே ரெண்டு ஆள் வேணும். இந்தக் கொடியைத் திண்ணையில உட்கார்ந்து ஒரு பாட்டி நூத்துடலாம். கொடி மேல ராட்டை படம், கொடித் துணி அதே ராட்டையில வந்த நூல். நெசவாளி கண்ணுல பார்த்தா, தன்னைச் செஞ்ச கருவியையே தன் மேல போட்டுக்கிட்ட துணி வேற எனக்குத் தெரியலை.

1932 ஜனவரியைப் பார்ப்போம், அது தமிழ்நாட்டுக் கொடியோட மாசம். ஜனவரி 10, திருப்பூர் ஊர்வலம். போலீஸ் தடியடியில மண்டை உடைஞ்சு, கொடியைக் கையில பிடிச்சபடியே விழுந்த குமரன் மறுநாள் இறந்து போறார். அவர் சென்னிமலைக்காரர். கைத்தறி நெசவுக் குடும்பம். கொடி காத்த குமரன்னு சொல்லும்போது நாம கொடியை மட்டும் பார்க்கறோம், ஒரு நெசவாளி வீட்டுப் பிள்ளை ஒரு துணியைக் கீழ விடமாட்டேன்னு நின்னதாவும் அதைப் பார்க்கலாம். நான் அப்படித்தான் பார்க்கறேன்.

அதுக்குப் பதினாறு நாள் கழிச்சு, ஜனவரி 26 விடியறதுக்கு முன்னாடி, சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கொடிமரத்துல ஒருத்தர் இருட்டுல ஏறினார். ஆர்யான்னு பின்னால பேர் வாங்கின பாஷ்யம். நாட்டுலயே உயரமான கொடிமரங்கள்ல அது ஒண்ணு. மேல போய், தானே தயார் பண்ணி இடுப்புல மறைச்சுக் கொண்டு போன மூவர்ணக் கொடியைக் கட்டிட்டு இறங்கி வந்துட்டார். விடிஞ்சு பார்த்தா கோட்டை மேல காங்கிரஸ் கொடி. போலீஸ் பதறிப் போய் இறக்கினாங்க. பிற்காலத்துல இவர் ஓவியர், சிற்பி. முண்டாசு கட்டின பாரதியார் படம் இவர் வரைஞ்சதுதான்.

இப்ப நான் சொல்ல வர்ற இடத்துக்கு வந்துட்டேன். இத்தனை கொடி சொன்னேன் இல்லையா, அதுல கையால தொட்டுப் பார்க்கிற மாதிரி எத்தனை மிச்சம் இருக்கு? 1920-லயும் 30-லயும் ஊர் ஊரா ஆயிரக்கணக்கான கொடி தைச்சிருப்பாங்க. போலீஸ் பிடுங்கினது, கிழிச்சது, ஆளுங்களே பயந்துக்கிட்டு அடுப்புல போட்டது. வெள்ளைக்காரன் காலத்துல கொடி அழிஞ்சதுக்குக் காரணம் புரியுது. அதுக்கப்புறம் அழிஞ்சதுக்கு?

அதுக்கு முன்னாடி, தப்பிச்ச ஒரு கொடியைச் சொல்லணும். அதே செயின்ட் ஜார்ஜ் கோட்டை. 1947 ஆகஸ்ட் 15 அதிகாலையில அங்க ஏத்தின தேசியக் கொடி இன்னைக்கும் கோட்டைக்குள்ள இருக்கிற தொல்லியல் துறை அருங்காட்சியகத்துல இருக்கு. ரொம்ப வருஷம் பெட்டிக்குள்ளயே இருந்து, 2013 ஜனவரி 26-ல இருந்து கண்ணாடிப் பேழையில வெச்சுக் காட்டறாங்க. 12 அடி நீளம், 8 அடி அகலம். சுத்தப் பட்டு.

ஆமா, பட்டு. நான் முதல் தடவை அதுக்கு முன்னாடி நின்னப்போ மனசுல ஓடினது கணக்குதான். எட்டடியை மூணாப் பிரிச்சா ஒரு பட்டைக்கு ரெண்டே முக்கால் அடிக்குக் கொஞ்சம் கம்மி, 32 அங்குலம். நம்ம புடவைத் தறியில 48 அங்குலம் வரை அகலம் போகும். அப்ப ஒவ்வொரு நிறத்தையும் சாதாரணத் தறியிலயே ஒரே அகலமா எடுத்துடலாம், ஒட்டுப் போட வேண்டியதில்லை. 12-க்கு 8-ங்கிறது மூணுக்கு ரெண்டு. 1947 ஜூலை 22-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில நிறைவேத்தின தீர்மானத்துல சொன்ன அதே விகிதம். ராட்டை போய் அசோகச் சக்கரம் வந்ததும் அந்தத் தீர்மானத்துலதான். ஜூலை 22-ல இருந்து ஆகஸ்ட் 15 வரை மொத்தம் 24 நாள். நாடு முழுக்க புதுச் சக்கரம் போட்ட கொடி வேணும். பாவு ஏத்தி, நெஞ்சு, சாயம் போட்டு, சக்கரம் அச்சடிச்சு, தைச்சு அனுப்பணும். தீபாவளி ஆர்டருக்கே நாம படற பாடு உங்களுக்குத் தெரியும். அந்த 24 நாள்ல எத்தனை தறிக்குத் தூக்கம் போயிருக்கும்!

அன்னைக்கு சபையில நேரு ரெண்டு கொடியைக் காட்டினார். ஒண்ணு பட்டுக் கதர், இன்னொண்ணு பருத்திக் கதர். எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம். எழுபது வருஷத்துக்கு முன்னாடி தர்பாருக்கு வந்த பட்டும், திண்ணையில நூத்த பருத்தியும் ஒரே மேஜைக்கு வந்துடுச்சு. நம்ம பக்கத்துல குடியாத்தத்துல கேட்டா, செங்கோட்டையில முதல்ல ஏறினதே எங்க ஊர்க் கொடின்னு பெருமையாச் சொல்வாங்க. அதை நான் விவாதத்துக்கு எடுத்துக்கலை. கொடித் துணிக்கு அந்த ஊர் பேர் போனதுங்கிறது உண்மை, இன்னைக்கும் அங்க கொடி தயாராகுது.

சரி, கேள்விக்கு வரேன். இந்தியக் கொடி விதிகள் 2002. அதுல ஒரு வரி இருக்கு: கொடி சேதமாயிட்டாலோ அழுக்காயிட்டாலோ, அதைத் தனிமையில, முழுசா, மரியாதையோட அழிச்சுடணும், எரிக்கிறது நல்லது. இந்த விதி எதுக்குன்னு எனக்குப் புரியுது. ஆகஸ்ட் 16-ஆம் தேதி காலையில தெருவைப் பார்த்தாலே புரியும். கொடி காலடியில கிடக்கக்கூடாது. நியாயம்தான்.

ஆனா இதே விதியைப் படிச்ச நல்ல மனுஷங்க என்ன பண்றாங்க தெரியுமா? எங்க தெருவுல ஒரு பெரியவர் இருந்தார். பேர் வேணாம். அவர் டிரங்குப் பெட்டியில ஒரு ராட்டைக் கொடி வெச்சிருந்தார், அவங்க அப்பா வெச்சிருந்தது. முரட்டுக் கதர். பறக்கிற பக்கத்து ஓரம் மொத்தமும் நைஞ்சு குஞ்சம் மாதிரி தொங்கும். கம்பத்துல கட்டுற பக்கம் கெட்டியா இருக்கும். கொடியில எப்பவும் காத்து அடிக்கிற ஓரம்தான் முதல்ல போகும். அதை வெச்சே இது உண்மையாவே பறந்த கொடி, பெட்டியில தூங்கின கொடி இல்லைன்னு சொல்லிடலாம். நான் சின்னப் பையனா இருந்தப்போ ரெண்டு தடவை பார்த்திருக்கேன். ராட்டையைக் கையால வரைஞ்சிருந்தாங்க, சக்கரம் கொஞ்சம் கோணலா இருக்கும். அவர் காலமானதுக்கு அப்புறம் வீட்டைக் காலி பண்ணும்போது பிள்ளைங்க அதை எடுத்தாங்க. கிழிஞ்ச கொடியை வெச்சிருந்தா தப்பு, சட்டம் அப்படித்தான் சொல்லுதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. கொல்லைப்புறத்துல, செருப்பைக் கழட்டிட்டு நின்னு, கற்பூரம் வெச்சு எரிச்சுட்டாங்க. அவங்களை நான் குறை சொல்லவே மாட்டேன். அப்பாவைத் தகனம் பண்ணின அதே மரியாதையோட பண்ணியிருக்காங்க.

அவங்களுக்கு யாரும் சொல்லாத விஷயம் ரெண்டு இருக்கு. அந்த விதி பேசறது 1947 ஜூலை 22-ல ஏத்துக்கிட்ட, அசோகச் சக்கரம் இருக்கிற தேசியக் கொடியைப் பத்தி. ராட்டைக் கொடி அதுக்கு முந்தினது. இயக்கத்தோட கொடி. அதை எரிக்கச் சொல்லி எந்த விதியும் இல்லை. ரெண்டாவது, சேதமான கொடியை ஏத்தக்கூடாது, காட்சிக்குப் பறக்க விடக்கூடாதுங்கிறது வேற, வரலாற்றுப் பொருளாப் பாதுகாக்கிறது வேற. 1947 கொடியை மத்திய அரசோட துறையே பேழையில வெச்சுக் காப்பாத்துது. பழசாப் போச்சுன்னு அதை எரிச்சாங்களா? எரிச்சிருந்தா இன்னைக்கு நான் 32 அங்குலக் கணக்குப் போட்டிருக்க முடியாது.

அமெரிக்காவுலயும் கிழிஞ்ச கொடியை மரியாதையா எரிக்கச் சொல்ற விதி உண்டு. ஆனா 1814-ல மெக்ஹென்ரி கோட்டையில பறந்த கொடியை வாஷிங்டன்ல ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துல இருட்டறை மாதிரி ஒரு அறையில, மங்கின வெளிச்சத்துல, லேசாச் சாய்ச்சுப் படுக்க வெச்சிருக்காங்க. கம்பளி நூல் துணி. 42 அடி நீளம் இருந்தது, இப்ப 34 அடிதான். மிச்சத்தை அந்தக் குடும்பத்துக்காரங்க ஞாபகார்த்தமாத் துண்டு துண்டா வெட்டிக் கொடுத்துட்டாங்க. அது போகட்டும். எனக்குப் பொறாமையா இருக்கிறது வேற ஒண்ணு. அதைத் தைச்ச அம்மா பேர் மேரி பிக்கர்ஸ்கில், ஊர் பால்டிமோர். அதுக்குக் கொடுத்த கூலி 405 டாலர் 90 சென்ட். ரசீதே இருக்கு. நம்ம கதைகள்ல கொடியை ஏத்தினவர் பேர் இருக்கும், ஏத்தும்போது யார் யார் நின்னாங்கன்னு இருக்கும். நெஞ்சவர் யார்னு கேட்கிற பழக்கமே நமக்கு வரலை. புடவைக்கே அது இல்லை, கடை பேர்தான். அப்புறம் கொடிக்கு எங்க?

ஒரு சின்ன வேடிக்கையும் சொல்லிடறேன். நம்ம ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கு. ஆனா 2021 டிசம்பர் வரைக்கும் விதிப்படி அந்தப் பட்டுல தேசியக் கொடி செய்ய முடியாது. கையால நூத்து, கையால நெஞ்ச கதர்ப் பட்டுதான் கொடிக்கு ஆகும். நம்ம தறியில போற பட்டு கூட்டுல இருந்து இழையா உருவி, மில்லுல முறுக்கேத்தி வர்றது, ராட்டையில நூத்தது இல்லை. நெசவு கை, நூல் கை இல்லை. அதனால கூடாது. 2021 டிசம்பர் 30-ல விதியை மாத்தினாங்க. மிஷின்ல செஞ்சதும் ஆகும், பாலியஸ்டரும் ஆகும்னு சொன்னாங்க. அடுத்த ஆகஸ்ட்ல வீட்டுக்கு வீடு கொடி. கர்நாடகத்துல ஹூப்ளி பக்கத்துல பெங்கேரியில காலங்காலமாக் கதர்க் கொடி தைக்கிறவங்க இதை எதிர்த்துப் போராடினாங்க. எல்லார் வீட்டுலயும் கொடி பறந்தது சந்தோஷம்தான். ஆனா அந்தக் கூட்டத்துல நூத்தவங்க காணாமப் போயிட்டாங்களேன்னு எனக்கு ஒரு வருத்தம். பாலியஸ்டர் கொடி சீக்கிரம் நைஞ்சு போகாது, நிஜம்தான். நூறு வருஷம் கழிச்சு எவனாவது அதைத் திருப்பிப் பார்த்தா அவனுக்கு என்ன தெரியும்? மிஷின் நம்பர் தெரியும்.

கடைசியா உங்ககிட்ட ஒரு வேலை கேட்கறேன். இந்த ஊர்லயும் சுத்துப்பட்டுலயும் பழைய பள்ளிக்கூடம், சங்கம், பஞ்சாயத்து ஆபீஸ், தியாகி வீடுன்னு நிறைய இருக்கு. பீரோ அடியில, பரண்ல கொடி இருக்கலாம். ராட்டைக் கொடி கிடைச்சா அதிர்ஷ்டம். ஐம்பதுகளோட சக்கரக் கொடி கிடைச்சாலும் விடாதீங்க.

கிடைச்சா என்ன பண்ணணும்? துவைக்காதீங்க, பழைய சாயம் ஓடிடும். இஸ்திரி போடாதீங்க. தைச்சுச் சரி பண்ணாதீங்க, கிழிசலும் அதோட கதைதான். பட்டா இருந்தா மடிச்சு வெக்காதீங்க. வீட்டுல கூறைப் புடவையை ஆறு மாசத்துக்கு ஒருக்கா மடிப்பு மாத்தி வைன்னு அம்மா சொல்வாங்க இல்லையா, அதே காரணம்தான். மடிப்புலதான் பட்டு முதல்ல வெட்டுப்படும். கஞ்சி போடாத வெள்ளை வேட்டியைப் பல தடவை அலசிக் காய வெச்சு, அதை ஒரு அகலமான குழாய் மேல சுத்தி, அது மேல கொடியைச் சுருட்டி வையுங்க. பிளாஸ்டிக் பை வேணாம், வேர்க்கும். அந்துருண்டை துணி மேல படக்கூடாது. வசம்பைத் தனித் துணியில முடிஞ்சு பக்கத்துல வைக்கலாம். வெயில் வேணவே வேணாம். இயற்கை நூல்கள்ல வெளிச்சத்துக்குச் சீக்கிரம் தோத்துப் போறது பட்டுதான், இதை இந்த ஊர்ல நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எல்லாத்துக்கும் மேல, ஒரு காகிதத்துல எழுதுங்க. யார் வீட்டுல இருந்தது, எங்க ஏறினது, யார் தைச்சாங்க, பெரியவங்க என்ன சொன்னாங்க. தேதி போடுங்க. ஸ்கேல் வெச்சு ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க. வீட்டுல வெச்சிருக்க இடம் இல்லைன்னா மாவட்ட அருங்காட்சியகத்துக்கு ஒரு கடுதாசி எழுதுங்க. பதில் வர நாளாகும், பரவாயில்லை, அதுவரைக்கும் வேட்டியிலயே இருக்கட்டும்.

கேள்வி இருந்தா கேளுங்க. பின்னால நிக்கிற அண்ணன் ஏதோ கை தூக்கறார், அவருக்கு மைக்கைக் கொடுங்க.